இருநூற்றுப் பன்னிரண்டு அடி

அத்தியாயம் 17

இருநூற்றுப் பன்னிரண்டு என்கிற எண்ணை ஒரு வாரமாக மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் வைத்திருந்தாள் மாரீஸ்வரி.

போன வாரம் மகன் வேல்பாண்டி கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசும்போது வாய் தவறிச் சொன்ன எண் அது. "செவ்வாக்கெழம பூரா வெறும் இருநூத்திப் பன்னெண்டு அடிதாம்மா நடந்துருக்க. படுத்தே கெடந்தியா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கையில் இருந்த ஸ்மார்ட் வாட்ச், தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. ஒன்பது மாதமாக அது அவள் நடந்த அடியையும் தூங்கிய நேரத்தையும் அவளுக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவன் போனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அது தெரிந்த நிமிஷம் போனை வைத்தவள்தான். ஒரு வாரமாக மகனின் அழைப்பை எடுக்கவேயில்லை.

எடுக்காவிட்டால் விட்டுவிடுகிற பிள்ளையா அவன்? ஆடி முதல் சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, கம்பம் ரோட்டுத் திராட்சைத் தோட்டத்து வீட்டு வாசலில் வந்து நின்றான். முதுகில் பை, கையில் ஒரு சின்ன வெள்ளை டப்பா.

"வாலே" என்றாள் மாரீஸ்வரி. வரவேற்பில் குறை வைக்கவில்லை. சிரிப்பில்தான் குறை வைத்தாள்.

டீ கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு டம்ளரை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏலே, என் நடைய எண்ணிப் பாக்க என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுருப்பம்மா."

"அப்பத் தெரிஞ்சேதான செஞ்சிருக்க."

மாட்டிக்கொண்ட இடத்தில் பொருளை எடுத்து வைக்கிற பழக்கம் வேல்பாண்டிக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. டப்பாவைத் திறந்தான். உள்ளே புது வாட்ச், கறுப்பாக, கண்ணாடி மாதிரி மின்னியது.

தங்கை பவானி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வயது. சின்னமனூரில் ஒரு செல்போன் கடையில் வேலை. இதே வாட்சை வாரத்துக்கு நாலு பேருக்கு விற்கிறவள்.

"இந்த மாடலா? சிம்மு போடலாம், வெளிச்சம் கொஞ்சம் கூட, ஆபத்துன்னா தானா போன் போகும். மத்ததெல்லாம் அம்மா கையில இருக்கறதுலயும் இருக்குண்ணே. சார்ஜுதான் இது ரெண்டு நாள் நின்னாப் பெருசு."

"கடையில இப்பிடித்தான் சொல்லி விக்கிறியா?"

"கடையில வேற மாதிரி சொல்லுவேன். வீட்டுல நெசத்தச் சொல்றேன்."

பழைய வாட்சுக்கு வருவோம். அதன் கண்ணாடியில் கொடி உரசி உரசி ஏகப்பட்ட கீறல். வார் ஒரு தடவை அறுந்து பவானி கடையிலிருந்து வேறு வார் போட்டாயிற்று. புது வாரிலும் கொடிக்கு அடிக்கிற துத்தக் கலவை தெறித்து நீலம் ஏறிவிட்டது. வாங்கிய புதிதில் ஏழு நாள் நின்ற சார்ஜு இப்போது மூன்றாவது நாளே கைவிரிக்கிறது. மாற்ற வேண்டிய நேரம்தான் என்று யாரும் சொல்வார்கள்.

ஆனால் மாரீஸ்வரிக்கு அது பழகிப் போயிருந்தது. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு மணிக்கட்டில் கிர்ரென்று உதறும், மோட்டார் போடுவாள். போனை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால் வாட்சைத் தட்டினால் போன் கத்தும். இரண்டு கையும் கொடிக்குள் இருக்கும்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். வேண்டாதவர் என்றால் மூக்கு நுனியால் தட்டி அழைப்பை வெட்டிவிடுவாள். கொடிச்சாறு ஒட்டிய விரலுக்கு அந்தக் கண்ணாடி கட்டுப்படாது, மூக்குக்குக் கட்டுப்படும். இதை அவளே கண்டுபிடித்தாள்.

"பழசக் குடுத்தாத்தான் எக்ஸ்சேஞ்சு" என்றான் வேல்பாண்டி. "நாளைக்குக் கொண்டு போயிருவேன். இதுல நீ எங்கன இருக்கன்னு தெரியும். நெஞ்சுத் துடிப்பு ஏறுச்சுன்னா எனக்கு மெசேஜ் வந்துரும். பழசுல அடியும் தூக்கமும் மட்டுந்தான் எனக்கு வருது, துடிப்பு வராது. முக்கியமா, நீ கீழ விழுந்தா..."

துடிப்பு என்றதும் மாரீஸ்வரி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தோட்ட வேலைக்காகச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டை அது, கணவர் அழகுமலையுடையது. வேல்பாண்டி அதைக் கவனிக்கவில்லை. விழுந்தா என்று சொன்ன இடத்தில் அவன் குரல் கம்மியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அழகுமலை இதே தோட்டத்தில், ஐந்தாவது வரிசையில், பந்தலடியில் விழுந்தார். மாரீஸ்வரி உரம் எடுக்கச் சின்னமனூர் போயிருந்தாள். திரும்பி வந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, அதற்குள் உயிர் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் விழுகிறது என்ற வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்வதில்லை.

"மூணு மாசம் இதக் கட்டிப் பாரும்மா. நாளுக்கு ஆறாயிரம் அடி. கணக்கு ஒழுங்கா வந்துச்சுன்னா தோட்டம் ஒன் கையிலயே இருக்கட்டும். வரலைன்னா குத்தகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துரு. கம்பத்து விஜய்ராஜ் அண்ணன் மூணு வருசத்துக்குக் கேக்குறாக. இன்னைக்கு குச்சனூர் போயிட்டு அப்பிடியே நாலு மணிக்கு வாராக, பத்திரத்தோட."

"சனீஸ்வரனக் கும்புட்டுட்டு நேரா நம்ம வீட்டுக்கா? நல்லாத்தான் வழி கண்டுபிடிச்சிருக்காரு."

"வெளையாடாதம்மா. ரெண்டுல ஒண்ணு. வாட்ச்சா, கையெழுத்தா?"

மாரீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஐம்பத்தோரு வயதில் தன் தோட்டத்தில் தான் நிற்பதற்கு ஒரு கைக்கடிகாரத்திடம் பரீட்சை எழுதச் சொல்கிறான், அதுவும் பெற்ற பிள்ளை. ஆனால் அவள் கத்தவில்லை. வாழைநார்க் கட்டை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"நாலு மணிக்குத்தான வாராரு? அதுக்குள்ள ஆறு வரிசை கட்டிரலாம்."

அன்றைக்கு வேலைக்கு ஆள் கிடையாது. ஆடிச் சனி என்றால் அந்தப் பக்கத்தில் பாதிச் சனம் குச்சனூரில்தான் நிற்கும். வழக்கமாக வருகிற மொக்கம்மாளும் அவள் கூட்டத்துப் பெண்களும் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கொடிக்கு ஆடிச் சனி தெரியுமா? பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டி இருபது நாள் ஆகிவிட்டது. புதுக் கொடி முழ நீளம் நீட்டிக்கொண்டு நின்றது. காற்று அடிக்கிற அடியில் கம்பியோடு சேர்த்துக் கட்டாவிட்டால் திங்கட்கிழமைக்குள் பாதி முறிந்து தொங்கும்.

பவானி வேலைக்குக் கிளம்பினாள். போகிறபோது அண்ணனிடம், "சும்மாதான நிக்கிற, கூடமாட கட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அதுவும் சரிதான் என்று பட்டது அவனுக்கு. புது வாட்சைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டான். தன் போனில் இருந்த இரண்டு சிம்மில் ஒன்றை எடுத்து அதில் போட்டான். விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அது கேட்டதற்கு மனைவி சினேகா எண்ணையும் தங்கை எண்ணையும் கொடுத்தான்.

"இன்னைக்கு நான் கட்டிக் காட்டுறேன். எம்புட்டு எடை கம்மின்னு பாரு. சாயங்காலம் நீ கட்டிக்க."

"வா" என்றாள் மாரீஸ்வரி. இந்த முறை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

திராட்சைப் பந்தல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் கொடி. கட்டுகிறவர் அண்ணாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கொடியை வளைத்துக் கம்பியில் வைத்து, நாரால் முடிச்சுப் போட வேண்டும். ஒரு முடிச்சு, அரை அடி நகர். இன்னொரு முடிச்சு, அரை அடி நகர். அப்படியே நாள் முழுக்க.

முதல் அரை மணி நேரம் வேல்பாண்டி உற்சாகமாகத்தான் இருந்தான். பள்ளிக்கூட லீவில் செய்த வேலைதானே. ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை எரிந்தது. இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. கையை இறக்கி உதறுவான், மறுபடி தூக்குவான். பக்கத்து வரிசையில் அவன் அம்மா கையை இறக்கவே இல்லை. முடிச்சு விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அத்தனை வேகம்.

பத்தே முக்காலுக்கு அவன் மணிக்கட்டு உதறியது. பார்த்தான். ஒரு மணி நேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"என்னவாம்?" என்று கேட்டாள் மாரீஸ்வரி, தலையைத் திருப்பாமல்.

"ஒண்ணுமில்ல."

"எந்திரிச்சு நிக்கச் சொல்லுதா?"

அவன் அடுத்த கொடியைப் பிடித்தான்.

"எனக்கு ஒம்பது மாசமாச் சொல்லுது. மொத மாசம் பயந்துட்டேன், நான் நிக்கிறனா உக்காந்துருக்கனான்னு குனிஞ்சு பாத்துக்குவேன். அப்பறந்தான் புரிஞ்சுச்சு. கைய வீசி நடந்தாத்தான் அதுக்கு வேல. கைய மேல தூக்கி வச்சுக்கிட்டா நம்ம படுத்துருக்கோம்னு நெனச்சுக்குது."

"அதெல்லாம் இல்லம்மா, அதுல சென்சார் இருக்கு..."

"மாசியில மேகமலைக்குப் போனேன்ல, ஒன் சித்தி வீட்டுக் காதுகுத்துக்கு? ஜீப்புல உக்காந்து போயிட்டு உக்காந்து வந்தேன். அன்னைக்கு எம்புட்டு அடின்னு ஒனக்குத்தான் தெரியுமே."

வேல்பாண்டிக்கு நினைவு வந்தது. பதினாலாயிரத்து முந்நூறு. அன்றைக்கு அவன் சந்தோஷப்பட்டு, கைதட்டுகிற படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். எதற்கு என்று அம்மா கேட்கவும் இல்லை. மேகமலை ரோட்டின் குண்டும் குழியும் போட்ட ஆட்டத்துக்குத்தான் அவன் கைதட்டியிருக்கிறான்.

அது மட்டுமா? கவாத்து, கொடி கட்டுவது, காய் கிள்ளுவது என்று வேலை உச்சத்தில் இருந்த நாட்களில் எல்லாம் நூற்றுச் சொச்சம், இருநூற்றுச் சொச்சம் அடி. அந்தக் கோட்டுப் படத்தை ஆபீசில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, எழுந்திரிக்கவே மாட்டேன் என்கிறாள் என்று இரண்டு மாதம் தூங்காமல் கிடந்து எடுத்த முடிவுதான் குத்தகை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மாரீஸ்வரிக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

மத்தியானம் கம்மங்கூழ் குடித்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். மூன்றரை மணி இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிற எந்திரம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. எட்டாத கொடி ஒன்றைப் பிடிக்க வேல்பாண்டி பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினான். பெட்டி ஆடியது. குதித்தான். குதித்த வேகத்தில் கை கல்தூணில் மோதியது. கீழே விழவில்லை, சும்மா தடுமாறி நின்றான். அவ்வளவுதான்.

வாட்சுக்கு அது போதாதா? உதறியது. விழுந்துவிட்டீர்களா என்று கேட்டது. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எண்ண ஆரம்பித்தது.

வேல்பாண்டி விரலால் தள்ளினான். நகரவில்லை. விரல் முழுக்கக் கொடிச்சாறும் துத்தமும் மண்ணும். வேட்டியில் துடைத்துவிட்டுத் தட்டினான். அசையவில்லை.

"என்னலே?"

"விழுந்துட்டியான்னு கேக்குதும்மா! இல்லன்னு சொல்ல விடமாட்டேங்குது!"

"மூக்கால தட்டு!"

"என்னது?"

"மூக்காலலே! மூக்கால தட்டு!"

எந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியையும் அவனால் நம்ப முடியவில்லை. அம்மா தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள், அவன் என்னவோ மூக்கில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். அதற்குள் முப்பதும் முடிந்தது. வாட்சிலிருந்து போன் போய்விட்டது.

கோயம்புத்தூரில் எடுத்த சினேகாவுக்கு எந்திரம் உறுமுகிற சத்தமும், நடுவில் மாமியார் "ஐயோ, ஏலே" என்று தலையில் அடித்துக்கொள்கிற சத்தமும்தான் கேட்டன. பயந்து போக வேறென்ன வேண்டும் ஒரு பெண்ணுக்கு? அவள் கணவனின் போனுக்கு அடித்தாள். அது வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. மோட்டார் ரூமில் இருந்த மாமியார் போனையும் யாரும் எடுக்கவில்லை.

இருபது நிமிஷத்தில் பவானி கடைச் சீருடையோடு ஸ்கூட்டியைத் தோட்டத்துக்குள்ளேயே விட்டுக்கொண்டு வந்தாள். காதோடு போன். முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் நேரே ஓடியது ஐந்தாவது வரிசைக்கு. அப்பா விழுந்து கிடந்த இடம்.

அங்கே யாரும் இல்லை. மூன்றாவது வரிசையில் அண்ணன் நார்க்கட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே!" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். போனுக்குள் சினேகாவும் அழுதாள்.

"நான் விழுகல சினேகா. சத்தியமா விழுகல. பொட்டியில இருந்து குதிச்சேன், அம்புட்டுத்தான்." போனை வாங்கி அவன் சொல்லச் சொல்ல, அவளுக்கு அழுகை கோபமாக மாறியது. "அத்த இத நெதமும் கட்டிக்கிட்டா நான் நெதமும் இப்பிடி சாகணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சரியாக அந்த நேரத்துக்குத்தான் விஜய்ராஜின் கார் வந்து நின்றது. நெற்றியில் விபூதி, கையில் எள்ளுருண்டைப் பிரசாதம், கக்கத்தில் பத்திரம். அவர் கெட்டவர் இல்லை. கம்பத்தில் நாலு தோட்டம் குத்தகைக்கு எடுத்து ஒழுங்காக நடத்துகிறவர்.

"அக்கா, சொகமா? தம்பி எல்லாம் சொன்னாப்ல. ஒங்களால முன்ன மாதிரி எந்திரிச்சு நடமாட முடியலைன்னு..."

மாரீஸ்வரி பந்தலுக்கடியிலிருந்து வெளியே வந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"இவன்கிட்ட கேளுங்க, இன்னைக்கு எத்தன அடி நடந்தான்னு."

"அம்மா..."

"சொல்லுலே."

வேல்பாண்டி வாட்சைப் பார்த்தான். "முந்நூத்தி நாப்பது."

"காலையில எட்டு மணியில இருந்து ஆம்பள நிக்கிறான். கைய மேல தூக்க முடியல, பாருங்க, தொங்குது. மூணு வரிசைதான் கட்டிருக்கான், நான் நாலு. இவன் முந்நூத்தி நாப்பது அடி. அந்தக் கணக்குப்படி இவனுந்தான் எந்திரிச்சு நடமாட முடியாதவன். இவனையும் குத்தகைக்கு எடுத்துக்கிறீகளா?"

விஜய்ராஜ் சிரித்துவிட்டார். பிறகு வேல்பாண்டியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தோட்டம் குத்தகைக்கு இல்லங்க. தோட்டம் என் பேர்லயும் இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிரசாதத்தக் குடுங்க, வாங்கிக்கிறேன். பத்திரத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு, "தம்பி, பேசிட்டுச் சொல்லு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கார் ரோட்டுக்கு ஏறியது.

முதலில் வெடித்தது வேல்பாண்டிதான்.

"அடிக் கணக்கு தப்புதாம்மா. ஒத்துக்கிறேன், நான் முட்டாப்பய. ஆனா அப்பா? ரெண்டு மணி நேரம் கெடந்தாகம்மா! ஒருத்தருக்கும் தெரியல. அன்னைக்கு அவுக கையில இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா..." கல்தூணைப் பிடித்துக்கொண்டான்.

"கெடந்தாக" என்றாள் மாரீஸ்வரி. "உரக்கடையில கூட்டம். அப்பறம் ஒரு டீ குடிச்சேன். டீ குடிச்ச அந்தப் பத்து நிமிசத்த நான் நெதமும் எண்ணுறேன்லே. அத எண்ண எனக்கு எந்த வாட்ச்சும் வேண்டாம்."

பவானி அம்மாவின் கையைப் பிடித்தாள். மாரீஸ்வரி விடுவித்துக்கொண்டாள். அழுகிற நேரம் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"நீ பயந்துருக்க. அது தப்பில்ல. ஒனக்குப் பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லிருந்தா நானே நாளுக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணிச் சொல்லிருப்பேன். நீ என்ன செஞ்ச? எனக்குத் தெரியாம என் தூக்கத்த எட்டிப் பாத்த. பாத்துட்டு, என்கிட்ட கேக்காம என் தோட்டத்துக்கு ஆள் பாத்த. இப்பப் புதுசு ஒண்ணக் கொண்டாந்து, இதுல பாஸானாத்தான் நீ இங்கன நிக்கலாங்கற. நான் பெயிலாகவே இருந்துட்டுப் போறேன். அந்த டப்பாவக் கொண்டு போயிரு."

"பழசுதான் வீணாப் போச்சேம்மா..."

"போகல. ஒம்பது மாசம் என்கூட வெயில்ல நின்னுருக்கு. சார்ஜு மூணு நாள் நிக்கிது, எனக்கு அது போதும். ஏ பவானி, இங்கன வா. இவன் போனுக்குப் போற வழிய எப்பிடி அடைக்கிறது?"

பவானி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். அவள் அம்மாவின் போனை எடுத்து வந்து நாலு இடத்தில் தட்டினாள்.

"அழுத்தவாம்மா?"

"குடு. நான் அழுத்துறேன்."

மாரீஸ்வரி கையைத் தொட்டியில் கழுவி, சட்டையில் துடைத்து, அழுத்தினாள். இரண்டு நிமிஷம் கழித்து வீட்டுக்குள் போன வேல்பாண்டியின் போனில், பகிர்வு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வந்திருந்தது. அவன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ராத்திரி பஸ்ஸுக்குப் போட்டிருந்த டிக்கெட் நினைவுக்கு வந்தது.

வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "மிச்சம் வரிசை கெடக்கு. நாளைக்கு இருக்கறதுன்னா இரு. போறதுன்னா போ. கோவிச்சுக்கிட்டுப் போகாத."

அவன் டிக்கெட்டை ரத்து செய்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. அடுப்பில் டீக்குப் பாலை வைத்தான்.

தோட்டத்தில் வெயில் இறங்கியிருந்தது. காற்று மட்டும் ஓயவில்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் மாரீஸ்வரி தூணில் சாய்ந்து நின்றாள். ஒன்பது மாதத்தில் இல்லாத ஒரு நிம்மதி. ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லலாம் போலிருந்தது. பவானி கீழே கிடந்த நார்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனப் பாத்தாப் பாவமா இருக்கும்மா."

"எனக்குந்தான். அதுக்காக?"

அப்போது அவள் மணிக்கட்டில் பழைய வாட்ச் உதறியது. நின்றது. மறுபடி உதறியது.

"மோட்டார் நேரமா?" என்றாள் பவானி.

"இல்ல."

மாரீஸ்வரியின் வலது கை தானாகச் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கப் போனது. காலையில் செய்த அதே வேலை. ஒரு மாதமாகச் செய்து பழகிய வேலை. பவானி இப்போது அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல ஆத்தா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூடுற?"

மாரீஸ்வரி ஐந்தாவது வரிசையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் மகனிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். என்கிட்ட ஏன் சொல்லல? அதே கேள்வி இப்போது திரும்பி வந்து அவள் முன்னாலேயே நிற்கிறது. இதற்கு யாரைக் கோபிப்பது?

சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டாள். கையை மகள் முன்னால் நீட்டினாள்.

"பாரு. இது தானா ஒன்கிட்ட வரல. நான் காட்டுறேன்."

கீறல் விழுந்த கண்ணாடிக்குள் சிவப்பாக ஓர் எண். நூற்று முப்பத்தெட்டு. கீழே, பத்து நிமிஷமாக அசையாமல் இருக்கிறீர்கள், இதயத் துடிப்பு அதிகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. பழைய எச்சரிக்கைகளைப் பார்க்கப் பவானி விரலால் பின்னால் தள்ளினாள். புதன்கிழமை ஒன்று. அதற்கு முந்தின வாரம் இரண்டு. ஆனி ஆரம்பத்தில் ஒன்று. எல்லாமே அடி எதுவும் நடக்காத நேரம்.

"கை தூக்குனதுனாலயா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் மாரீஸ்வரி. "இப்பக் கை கீழதான இருக்கு."

பவானி வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அண்ணன்கிட்ட..."

"நீ சொல்லாத. சொல்ல வேண்டியவ நான்."

"எப்பம்மா சொல்லுவ?"

வீட்டுக்குள்ளிருந்து வேல்பாண்டி, டீ ஆறுது வாங்க என்று கூப்பிட்டான். மாரீஸ்வரி தூணை விட்டு நிமிர்ந்தாள். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடாமல், வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.